தேய்ந்த பிரேக் டிஸ்க்: வீட்டு லேத்தில் கடைவதா, புதிது வாங்குவதா?

முன் சக்கர டிஸ்க்குகளில் ஆழமாக வரி விழுந்து, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தபோது, கழற்றி என் லேத்திலேயே (பொருளைச் சுழலவிட்டு வெட்டும் டூலால் சீவும் இயந்திரம்) கடைந்து மாட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், டிஸ்க் அதற்கு இடம் கொடுத்தால்.

இடம் என்றால் தடிமன். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். புதிதில் 22 மி.மீ. உள்ள டிஸ்க்கில் 20 என்று இருந்தால், பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் கையிருப்பு. கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேல் அரை மில்லிமீட்டராவது நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. ஓட ஓட டிஸ்க்கும் தேயுமே. விரிசல் இருந்தாலோ, சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தாலோ பேச்சே வேண்டாம், புதிதுதான். அந்தத் திட்டுகளில் வார்ப்பிரும்பு இறுகிப் போயிருக்கும், டூல் அதன்மேல் ஏறி இறங்கும்.

சக்கரத்தைச் சுழலவிட்டு ஆங்கிள் கிரைண்டரைக் காட்டும் வழியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். 0.02 மி.மீ. வேறுபாடே பல வண்டிகளில் பெடலைத் துடிக்க வைக்கப் போதும்.

எல்லாவற்றையும் முடிவு செய்வது ஒன்றுதான்: கடைந்த முகம், டிஸ்க் ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகத்துக்கு இணையாக இருக்கிறதா? சக்கின் (லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) தாடையில் வெளிவிளிம்பைப் பிடித்துக் கடைந்தால் இருக்காது. அந்த விளிம்பு துருவும் மேடுபள்ளமுமாக இருக்கும், அதை நம்ப முடியாது. நான் செய்தது இது: ஒரு இரும்புத் துண்டைச் சக்கில் பிடித்து, டிஸ்க்கின் நடுத்துளைக்குச் சரியாகப் பொருந்தும் அளவுக்குக் கடைந்தேன். அதே பிடியில் அதன் முகத்தையும் மட்டமாக்கி, சக்கிலிருந்து எடுக்காமலே டிஸ்க்கை அதில் வைத்து போல்ட் போட்டு இறுக்கினேன். துண்டு நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் டூல் டிஸ்க்கின் பின்பக்கம் நுழையும். டிஸ்க்கைத் திருப்பிப் போடாமல், ஒரே பிடியில் இரண்டு முகத்தையும் கடைவதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிமிடத்துக்கு 100 சுற்று, கார்பைடு டூல், ஒரு வெட்டுக்கு 0.1 மி.மீ. டிஸ்க் கிறீச்சிட்டால் விளிம்பைச் சுற்றி பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், அடங்கிவிடும். கறுப்புத் தூள் லேத் படுகையில் உப்புத்தாள் போல வேலை செய்யும், அதனால் முதலிலேயே மூடி வையுங்கள். கடைசியில் 120 எண் உப்புத்தாளால் வட்ட வட்டமாக ஒரு தேய்ப்பு, அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவல்.

இவ்வளவும் செய்துவிட்டு ஹப்பில் துருவோடு மாட்டினால் பாடுபட்டது வீண். உட்காரும் வட்டம் 140 மி.மீ., டிஸ்க் 280 மி.மீ. என்று வையுங்கள். ஒரு ஓரத்தில் 0.05 மி.மீ. துரு கிடந்தால் டிஸ்க் விளிம்பில் ஆட்டம் 0.1 ஆகிவிடும். பல வண்டிகளுக்கு அனுமதியே 0.05 முதல் 0.1 வரைதான். இதில் மோசம் என்னவென்றால், மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. பிரேக் பிடிக்காதபோதும் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) ஒவ்வொரு சுற்றிலும் அதே மேட்டை உரசி உரசி, அங்கே தடிமன் குறைந்து, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உதறல் திரும்பும். பழி டிஸ்க்மேல் விழும். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாக்கி, டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே சக்கரத்தை மாட்டுங்கள்.

புதிய டிஸ்க்கின் பலம் வெளிப்படை: முழுத் தடிமன், வேலை குறைவு, சூட்டைத் தாங்க இரும்பு கூடுதல். மலைப்பாதையில் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் துருப்பிடித்த ஹப் புதியதையும் ஆட்டும், டயல் கேஜ் வேலை அதற்கும் உண்டு.

டிஸ்க்கை வண்டியிலேயே வைத்துக் கடையும் இயந்திரமும் இருக்கிறது. அது ஹப்பின் ஆட்டத்தையும் சேர்த்தே சரிக்கட்டிவிடும். வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறேன், இயக்கியதில்லை; நீண்ட நாள் பலனை என்னால் சொல்ல முடியாது. 280 மி.மீ. டிஸ்க் சுழல இடமில்லாத சின்ன மேசை லேத் வைத்திருப்பவர்கள் அந்த இயந்திரம் உள்ள பட்டறையைத் தேடலாம். அதில் கடைந்த டிஸ்க்கைப் பிறகு எப்போது கழற்றினாலும் ஹப்பில் அதே துளைக்கு நேராகவே மாட்ட வேண்டும், அதனால் கழற்றும் முன் ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.