மங்கலான மரைன் டேங்கில் மட்டி: எது தாங்கும், எது ஏமாற்றும்?

கடல்நீர் டேங்கில் வளர்க்க ராட்சச மட்டிக் குடும்பத்தில் ஒன்றை வாங்கப் போனால் கண் முதலில் குரோசியா என்ற இனத்தில்தான் போய் நிற்கும். நீலமும் ஊதாவுமாக மின்னும். முழு வளர்ச்சியிலேயே சுமார் 15 செ.மீ.தான். சின்ன டேங்குக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்த டேங்க் வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

குரோசியா ஆழமில்லாத தண்ணீரில், பவளப்பாறையைக் குடைந்து உட்கார்ந்து வெயில் காயும் சாதி. ராட்சச மட்டிகளின் சதைமடிப்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதுதான் மட்டிக்குப் பெரும்பாலான சாப்பாடு. விளக்கு மங்கினால் அடுப்பும் அணைந்த மாதிரிதான். ஆனால் உடனே சாகாது, அதுதான் வினை. சில மாதம் நன்றாகத்தான் விரிந்திருக்கும். பிறகு ஒருநாள் காலையில் ஓடு மட்டும் வாயைப் பிளந்து கிடக்கும்.

மேக்சிமா என்ற இனம் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவே. ஆய்வாளர்கள் செங்கடலில் தேடிப் பார்த்தபோது மேக்சிமா 17 மீட்டர் ஆழத்தோடு நின்றுவிட்டது. ஸ்குவாமோசா என்ற இனமோ 42 மீட்டர் வரை கிடைத்தது. மங்கலில் பிழைக்கத் தெரிந்தது எது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆக, உண்மையான போட்டி ஸ்குவாமோசாவுக்கும் டெராசா என்ற இனத்துக்கும்தான். புதிதாக வளர்ப்பவர்களுக்கு டெராசாவைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். பசிபிக் கடலிலுள்ள பலாவ் தீவுகளின் பண்ணைகளில் பல பத்தாண்டுகளாகக் குஞ்சு பொரித்து வளர்க்கிறார்கள். சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கடலில் 60 செ.மீ. வரை போகும், அதுவும் விறுவிறுவென்று. மூன்றடி டேங்கில் இது சோபா வாங்கி வைத்த கதைதான். வளர வளரத் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சும். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், கேஹெச் என்ற காரத்தன்மை அளவு 8க்குக் குறையாமல் வைத்திருக்க மருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கும் விலையில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும். ஸ்குவாமோசாவும் 40 செ.மீ. வரை வளரக்கூடியதுதான், ஆனால் நிதானமாக. நான் ஸ்குவாமோசா பக்கம்தான்.

ஹிப்போபஸ் என்ற மட்டிக்கும் வெளிச்சத் தேவை குறைவு என்பார்கள். ஆனால் அது மணலில் கிடப்பது. உயரமான டேங்கில் விளக்கிலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பதே மணல்தானே.

இனி, "வெளிச்சமே தேவையில்லை" என்று மலிவாக விற்கும் சிவப்பு ஃபிளேம் ஸ்காலப் என்ற சிப்பி. அந்தப் பேச்சு பொய்யில்லை, பாதி உண்மை. அதனுள் பாசி இல்லை. ஆகவே நாள் முழுக்கத் தண்ணீரிலேயே நுண்ணுணவு மிதக்க வேண்டும். நாம் ஊற்றுவதை, அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவி வாரிக்கொண்டு போய்விடும். இரண்டு வாங்கினேன், இரண்டும் பட்டினியில் போயின. மலிவு என்று நான் வாங்கியதிலேயே அதிகச் செலவு வைத்தது அதுதான்.

டேங்க் முழுக்க வெளிச்சம் போடப் பணம் இல்லையென்றால், மட்டிக்கு நேர் மேலே மட்டும் குறுகிய லென்ஸ் உள்ள ஒரு எல்இடி ஸ்பாட்லைட் தொங்கவிடுங்கள். மட்டியைத் தட்டைக் கல் ஒன்றின்மேல் வையுங்கள். காலிலிருந்து நூல் விட்டு அந்தக் கல்லையே பிடித்துக்கொள்ளும். பிறகு கல்லோடு தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றலாம். பாறையில் ஒட்டியதைப் பிடுங்கினால் நூலோடு சதையும் கிழியும், மட்டி பிழைக்காது.

நான் இருப்பது சிங்கப்பூரில். இந்த இனங்களின் வணிகத்துக்கு சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாடு உண்டு என்பதால், பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டே வாங்குகிறேன். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்: மேக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் மூன்றும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டில் வைத்திருந்தாலே வழக்குதான்.

வாங்கிய பிறகு தினமும் கையை மேலே ஆட்டிப் பாருங்கள். நிழல் பட்டதும் வெடுக்கென்று சுருங்க வேண்டும். ஆனால் அது உயிர் இருப்பதற்குத்தான் அடையாளம், வயிறு நிறைந்ததற்கு அல்ல. அதற்கு ஓட்டின் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். பழைய அழுக்கு ஓட்டுக்கு மேலே சுண்ணாம்பு பூசியது போலப் புது வெள்ளைக் கோடு தெரிந்தால் வளர்கிறது. இரண்டு மாதமாகியும் அந்தக் கோடு வரவில்லையென்றால் கல்லை ஒரு படி மேலே ஏற்றுங்கள்.