80 கிலோ ஆளுக்கு எந்தக் குதிரை?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் குதிரை ஏற ஆசைப்படுகிறவர் கண்ணில் படக்கூடியவை நாலைந்து வகைதான். கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் நாட்டு மட்டக்குதிரை, கத்தியவாரி, மார்வாரி, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட், அப்புறம் தரோபிரெட்டும் நாட்டு இனமும் கலந்த ஹாஃப்பிரெட். இவற்றில் எது நல்ல குதிரை என்று கேட்டால் சண்டைதான் வரும். உட்காரப்போகும் ஆளின் எடையை எது தாங்கும் என்று கேட்டால் பதில் சொல்ல முடியும்.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா 80 கிலோ, அம்மா 58, பத்து வயது மகள் 30. மூவருக்கும் ஒரே குதிரை பொருந்தாது என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் அளவுகோல். உலகம் முழுக்கப் புழங்கும் விதி 20 சதவீதம்: ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கக் குதிரைப்படையின் 1920-ஆம் ஆண்டுப் பராமரிப்புக் கையேட்டிலேயே இது இருக்கிறது. பட்டாளத்துக்காரர்கள் அனுபவத்தில் சொன்னதை 2008-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். எட்டுக் குதிரைகள் மேல் அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றி ஓட்டினார்கள். 20 வரை பெரிய வித்தியாசம் இல்லை. 25-ம் 30-ம் ஏற்றியபோது இதயத் துடிப்பு ஏறியது, தசை வலியும் இறுக்கமும் கூடின. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. இடுப்புப் பகுதி அகலமாகவும், முன்னங்கால் முட்டிக்குக் கீழே எலும்பு தடிமனாகவும் இருந்த குதிரைகளுக்கு வலி குறைவு. எடை மட்டும் போதாது, உடல்வாகையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் இயங்கிய அனிமல் ஹெல்த் டிரஸ்ட் நடத்திய ஆய்வு இன்னும் கண்டிப்பானது. ஆறு குதிரைகள், எடை வேறு வேறான நாலு பேர். குதிரையின் எடையில் 15 சதவீதத்தைத் தாண்டிய கனமான ஆட்கள் ஏறிய சோதனைகள் எல்லாம் பாதியிலேயே நிறுத்தப்பட்டன. காரணம் தற்காலிக நொண்டல், வலி வந்ததற்கான நடத்தை. ஆள் இறங்கிய பிறகு சரியாகிவிட்டது. சேணம் சரியாகப் பொருந்தாததும், உயரமான ஆள் சேணத்தின் பின்விளிம்பில் உட்கார்ந்ததும் அதற்குப் பங்களித்திருக்கின்றன. ஆகவே 15-ஐ எல்லாருக்குமான சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் அதற்குள் நின்றுகொள்வது நல்லது என்பது என் கட்சி. சமநிலை பழகாத ஆள் ட்ராட் என்னும் துள்ளு நடையில் சேணத்தின் மேல் தொம் தொம்மென்று விழுவார். ட்ராட்டில் குதிரையின் முதுகில் இறங்கும் விசை ஒரு கணத்துக்கு ஆளின் எடையைப் போல் இரண்டு மடங்காகும், அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் அதற்கும் மேல்.

சரி, கடற்கரைக்குப் போவோம்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ வேறு கடற்கரையிலோ விடுமுறை நாளில் சவாரிக்கு நிற்பது பெரும்பாலும் மட்டக்குதிரை. 12, 13 கை உயரம் இருக்கும். ஒரு கை என்பது நாலு அங்குலம். 14 கை 2 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் போனி என்பது பொதுவான வரையறை. எடையை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தையல்காரர் டேப் இருந்தால் நாமே கண்டுபிடிக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டரை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சுச் சுற்று 140, நீளம் 130 என்றால் சுமார் 215 கிலோ. அதில் 20 சதவீதம் 43. சேணம், விரிப்பு எல்லாம் 6 கிலோ என்று கழித்தால் மிச்சம் 37.

மகள் ஏறலாம். அம்மாவே ஏறக் கூடாது. அப்பா ஏறினால் சேணத்தோடு 86 கிலோ, அதாவது குதிரையின் எடையில் 40 சதவீதம். குதிரைக்காரர் "ஏறுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்பார். அவர் பிழைப்பு அது. குதிரை விழுந்துவிடாது என்பதும் உண்மைதான். விழாமல் நடப்பதை வைத்துத் தாங்குகிறது என்று முடிவு கட்ட முடியாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி போட்டோ எடுக்கிற வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கூட்டிப் பாருங்கள். ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாரின் மண் குதிரைக்குத்தான் எடை வரம்பு கிடையாது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட. மணிப்பூரில் 11 முதல் 13 கை உயரமுள்ள போனிகள் மேல் வளர்ந்த ஆண்கள் போலோ ஆடுகிறார்கள். ஐஸ்லாந்தின் குட்டைக் குதிரைகளும் பெரியவர்களைச் சுமக்கின்றன. குட்டையான, தடித்த குதிரை தன் அளவுக்கு மிஞ்சிய பலம் கொண்டதுதான். ஆனால் ஐஸ்லாந்துக் குதிரைகளையே 20 முதல் 35 சதவீதம் வரை ஏற்றிச் சோதித்தபோது, சராசரியாக 23 சதவீதத்துக்குச் சற்று முன்னரே தசைகள் மூச்சுக்காற்றின் துணையோடு மட்டும் உழைக்கும் எல்லையைத் தாண்டிவிட்டன. அவை நன்றாகத் தின்று, குளிர்நாட்டில் வளர்ந்து, பழக்கப்பட்டவை. விலா எலும்பு எண்ணும்படி நிற்கும் கடற்கரைக் குதிரையை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. குதிரை மெலிந்திருந்தால் எடை குறைவதோடு முதுகுத் தசையும் வற்றிவிடும். அப்போது சேணம் நேரே எலும்பில் உட்காரும். அதேபோல் கொழுத்த குதிரைக்குக் கணக்கில் எடை கூடுதலாக வரும், பலம் கூடாது. அதன் சொந்தக் கொழுப்பே அதற்கு ஒரு சுமை.

கத்தியவாரியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். குஜராத்தின் இனம், காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். சுமார் 320 கிலோ என்று வைத்தால் 20 சதவீதம் 64; 8 கிலோ சேணம் போக ஆளுக்கு மிஞ்சுவது 56 கிலோ. அம்மாவுக்கு எல்லைக்கோட்டில் நிற்கும். சிறுவர்களுக்கும் மெலிந்த பெண்களுக்கும் ஏற்றது. 80 கிலோவுக்கு இல்லை.

உண்மையான போட்டி மார்வாரிக்கும் தரோபிரெட்டுக்கும்தான்.

மார்வாரி ராஜஸ்தானத்துக் குதிரை, அதற்கும் காது வளைவு உண்டு. ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் நடக்கும் சந்தையில் இந்த இரண்டு இனத்துக்கும் கூட்டம் கூடும். நல்ல மார்வாரி 14 கைக்கு மேல் நிற்கும், எடை 380 கிலோ அளவில் வரும். 20 சதவீதம் 76; 8 கிலோ சேணம் போக 68. அம்மா தாராளமாக ஏறலாம். அப்பாவுக்குப் பன்னிரண்டு கிலோ இடிக்கிறது.

தரோபிரெட் 480 கிலோ என்று கொண்டால் 20 சதவீதம் 96, சேணம் போக 88. அப்பாவும் உள்ளே வந்துவிட்டார். காகிதத்தில் இதோடு முடிந்தது.

காகிதத்தில்தான். பந்தயத்தில் இந்தக் குதிரை சுமந்தது 50, 60 கிலோ அளவு. அதுவும் ஒரு கிலோ கூட எட்டாத சின்னச் சேணத்தில், அங்கவடியில் எழுந்து நிற்கும் ஜாக்கியை, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு. சேணத்தில் அமர்ந்து முக்கால் மணி நேரம் சுற்றும் 80 கிலோ ஆளைச் சுமப்பது வேறு வேலை. போதாதற்கு, ஓய்வு பெற்றுவரும் குதிரைகளில் பல முன்னங்கால் தசைநாரில் அடிபட்டதால்தான் ஓய்வு பெற்றிருக்கும். ஆளின் எடையில் பெரும்பகுதி விழுவது அந்த முன்னங்கால்களில்தான். கால் எலும்பு நீளம், உடலோடு பார்த்தால் மெல்லியது. உள்ளங்குளம்பு மெலிந்திருப்பதும் இந்த இனத்தில் சகஜம். சரளைப் பாதையில் தயங்கும். மார்வாரி இந்த விஷயங்களில் மேல். குளம்பு கெட்டி, பாலைவனத்து வெயிலும் அதற்குப் பழக்கம்.

அப்படியானால் எது? அப்பா ஏற்கெனவே சவாரி தெரிந்தவர், ட்ராட்டில் எழுந்து அமரப் பழகியவர் என்றால் நெஞ்சு அகன்ற, காலில் பழைய காயம் இல்லாத தரோபிரெட் போதும். அவர் புதியவர் என்றால் இரண்டுமே சரியில்லை. 15 சதவீதக் கணக்கில் தரோபிரெட்டுக்கே 64 கிலோதான் வரும். உணர்ச்சி மிகுந்த குதிரை வேறு; தடுமாறும் ஆள் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் அதற்குப் பொறுக்காது.

இங்கேதான் ஹாஃப்பிரெட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடை 430, 450 கிலோவுக்கு வரும், முதுகு குட்டை, கால் எலும்பு தரோபிரெட்டைவிடத் தடிமன், குணம் நிதானம். 440 என்று வைத்தால் 20 சதவீதத்தில் சரியாக 80 கிலோ ஆளுக்கு இடம் இருக்கிறது. எண்ணில் தரோபிரெட்டுக்கு எட்டு கிலோ பின்னால் நின்றாலும், உடல்வாகு அந்த எட்டு கிலோவை ஈடுகட்டிவிடும். 15 சதவீதக் கணக்குக்கு இதுவும் எட்டாதுதான். ஆனாலும் அப்பா முதல் சில வாரம், பயிற்சியாளர் பிடித்த நீள்கயிற்றில் சுற்றும் குதிரையில், நடையும் கொஞ்சம் ட்ராட்டும் மட்டும், இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் பழகினால் என் ஓட்டு ஹாஃப்பிரெட்டுக்கே. கிடைப்பதுதான் சிரமம். குதிரை ஐந்து வயதைத் தாண்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் கடைசியாகத்தான் மூடும். நாலு வயதுக் குதிரை உயரத்தில் முழுசாகத் தெரிந்தாலும் முதுகில் இன்னும் குட்டிதான்.

மேலே சொன்ன எண்கள் எல்லாம் மிதமான வானிலையில், கெட்டியான தரையில் பொருந்துபவை. நம் கடற்கரையில் இரண்டுமே இல்லை. குதிரைக்காரர்கள் உலகில் ஒரு எளிய கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பத சதவீதத்தைக் கூட்டு. 130-க்குள் இருந்தால் கவலை இல்லை. 150-ஐத் தாண்டினால், அதிலும் ஈரப்பதம் மிகுதியாக இருந்தால், வியர்வை உலர்ந்து குதிரை குளிர்வது சிரமம். 180-ஐத் தாண்டினால் ஏறவே கூடாது. கத்திரி வெயிலில் 100 டிகிரி, ஈரப்பதம் 60 என்றால் 160. சரி, விடியற்காலையில் போகலாமே என்றால் அப்போது 82 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 85, கூட்டினால் 167. மார்கழியில் 75 டிகிரியும் 80 ஈரப்பதமும் சேர்ந்து 155. வெயில் தலையில் விழாதது விடியற்காலையின் லாபம்; கூட்டுத்தொகை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்தப் பகுதியில் 20-ஐ 17, 18 என்று குறைத்துக்கொள்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். உலர்ந்த ஆழமணல் இன்னும் மோசம்; ஒவ்வொரு அடிக்கும் குளம்பு புதைந்து தசைநார் இழுபடும். அலை நனைத்த ஈரமணல் பரவாயில்லை. ஆரோவில் பக்கச் செம்மண் பாதை இரண்டையும்விட நல்ல தரை, மழைக்காலச் சேறு நீங்கலாக. அங்குள்ள குதிரையேற்றப் பள்ளியான ரெட் எர்த் ரைடிங் ஸ்கூலின் பெயரிலேயே அந்த மண் இருக்கிறது.

சேணத்தையும் லேசில் விடக் கூடாது. ஆங்கில வகை 7 முதல் 10 கிலோ, வெஸ்டர்ன் வகை 15-க்கு மேல். கனமானது என்றாலும் வெஸ்டர்ன் சேணம் எடையை அகலப் பரப்பும். சேணமே இல்லாமல், வெறும் விரிப்பில் உட்காருவது குதிரைக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்போது உட்காரும் எலும்பு இரண்டும் முதுகில் நேராகக் குத்தும். தரையிலிருந்து ஒரு பக்கம் தொங்கி ஏறுவதையும் கனமானவர்கள் விட்டுவிட்டு, ஒரு திண்ணையோ ஸ்டூலோ போட்டு ஏறலாம்.

குதிரை எதுவாயினும் ஏறிய பின் அதைப் பாருங்கள். ஏறும்போது முதுகைக் குழிப்பது, காதைப் பின்னுக்கு ஒட்டுவது, ஓயாமல் வாலை வீசுவது, அடி குறுகுவது, தடுக்குவது, இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வந்தால் கணக்கு என்ன சொன்னாலும் இறங்கிவிட வேண்டியதுதான்.

95 கிலோவைத் தாண்டியவர்களுக்கு இந்த வட்டாரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் குதிரைகளில் பொருத்தமானது எதுவும் இல்லை. 550 கிலோ எட்டும் பெரிய தரோபிரெட் எப்போதாவது தென்படலாம். அனுபவமுள்ளவர் என்றால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்யும்போதே ஹெல்மெட், பூட்ஸ் சேர்த்து உங்கள் எடையைச் சொல்லி, எந்தக் குதிரை தருவீர்கள், அதன் எடை என்ன, வயது என்ன என்று கேளுங்கள். எடையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்காமல் "வாங்க, பாத்துக்கலாம்" என்றால் வேறு இடம் பாருங்கள்.