குறி சுட்ட ‘காட்டெருமை’: வில்பத்து என்று சொல்லி எங்களை ஏமாற்றிய கதை

ரொறன்ரோவிலிருந்து தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். பதினொரு வயது மருமகன் வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “மாமா, சிறுத்தையை எப்போது பார்க்கலாம்?” என்பதுதான். வன்னியில் யானையைப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை. அது வயலுக்குள் இறங்காமலிருக்க யானைவெடி கொளுத்துவோம். சிறுத்தை வேறு கதை. அதற்கு வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும்.

வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. வவுனியாவிலிருந்து அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுவார்களாம். சிறுத்தை உத்தரவாதம், கரடி உத்தரவாதம், பூநாரைகள் இலவசம். காட்டு விலங்குக்கு ஒருவன் உத்தரவாதம் கொடுக்கிறான் என்றதுமே நான் விழித்திருக்க வேண்டும். விளம்பரப் படத்தைப் பார்த்த மருமகன், “இது சிறுத்தை இல்லை, சிவிங்கிப்புலி. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்குகிறது, பாருங்கள். ஆப்பிரிக்காவில் இருப்பது” என்றான். படம் எதுவாயிருந்தால் என்ன என்று அவன் வாயை அடைத்தேன். இலங்கைக் காடுகளில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. சிறுத்தைதான் அங்கே அரசன். சிறுவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்தும் பயனில்லாமல் போயிற்று.

ஆறு பேருக்கு 90,000 ரூபாய். அதில் 50,000 முற்பணமாக வங்கியில் போட்டேன். டிக்கெட்டை அவர்களே முன்கூட்டி எடுத்துவிட்டார்களாம். தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்கு டொலர்க் கணக்கு, உள்ளூர்வாசிக்குச் சிறு தொகை. எனக்கும் அம்மாவுக்கும் அடையாள அட்டை இருக்கிறது என்று சொன்னேன். “எல்லாம் ஒரே கணக்குதான் அண்ணை” என்றார் தொலைபேசியில் பேசியவர். ஒரே கணக்கு என்றால் டொலர்க் கணக்கு.

ஆகஸ்ட் கடைசியில், அதிகாலை நான்கு மணிக்கு ஜீப் வந்தது. வில்பத்தின் முதன்மை வாசல் ஹுனுவிலகமவில் இருக்கிறது. அனுராதபுரத்தைத் தாண்டிப் புத்தளம் வீதியில் போக வேண்டும். எங்கள் ஜீப்போ மதவாச்சியில் வலப்பக்கம், மன்னார் வீதியில் திரும்பியது. கேட்டதற்கு, அந்த வாசலில் நெரிசல், தனக்கு வடக்கே வேறு வாசல் தெரியும் என்றார் சாரதி. செட்டிகுளம் பலகை இருட்டில் கடந்து போனது. பிறகு ஒரு மணல் பாதை, காடு, விடியும் வேளையில் ஒரு குளத்தின் அலைகரை. வாசலும் இல்லை, காவலரும் இல்லை, ஒரு கயிறுகூடக் குறுக்கே கட்டியிருக்கவில்லை.

கரடி எங்கே என்று தங்கை கேட்டாள். பாலைமரத்தடிக்கு வரிசையாக வரும், பழம் தின்ன, என்றார் சாரதி. அம்மா பின்னாலிருந்து கேட்டார்: “பாலைப்பழம் முடிந்து எத்தனை நாள், தம்பி? கரடி இனி எதற்கு வரும்?” அம்மா சிறுவயதில் ஆனி, ஆடியில் காட்டுக்குப் போய், உதடு பால் பிடித்து ஒட்டும்வரை அந்தப் பழத்தைத் தின்றவர். சாரதி வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்துக் குளத்துச் சேற்றில் நான்கு எருமைகள். “காட்டெருமை! சத்தம் போடாதீர்கள், பாயும்” என்று கிசுகிசுத்தார். மச்சான் நடுங்கிக்கொண்டே காணொளி எடுத்தார். ஒரு எருமை எழுந்து திரும்பியது. அதன் பின்தொடையில் இரண்டு எழுத்துகள், தெளிவாகக் குறி சுட்டிருந்தது. அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “சொந்தக்காரர் பால் கறக்க வருவார், அவரிடம் சிறுத்தையைக் கேட்கலாம்” என்றார். சற்று நேரத்தில் புதருக்குள் சேவல் கூவியது. தேசியப் பறவையான காட்டுக்கோழி என்றார் சாரதி. அதைத் தொடர்ந்து நாய் குரைத்தது. அதற்கு அவரிடம் பெயர் இருக்கவில்லை.

இதுவரை சிரிக்கலாம். மச்சான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்றபோது, அந்தப் பக்கம் காட்டுக்குள் போங்கள் என்று சாரதி கைகாட்டினார். பூங்காவுக்குள் கண்ட இடத்தில் வாகனத்தைவிட்டு இறங்கக் கூடாது என்பது விதி. அதைவிடப் பெரிய விடயம், போர் நடந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. அம்மா கத்திய கத்தலில் குளத்து நாரைகள் எழும்பிப் பறந்தன. கனடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மண்டையோட்டுப் பலகை என்றால் என்னவென்று தெரியாது. இந்த மனிதருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

டிக்கெட்டைக் காட்டச் சொன்னேன். அலுவலகத்தில் இருக்கிறது என்றார். மீதி 40,000 தராவிட்டால் ஜீப் நகராது என்றும் சொன்னார். நடுக்காட்டில் வயதான தாயும் இரண்டு பிள்ளைகளும் என்னோடு. கொடுத்தேன். அன்று மாலையிலிருந்து அந்தத் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை.

அடுத்த வாரம் நாங்களாகவே ஹுனுவிலகமவுக்குப் போனோம். வாசலில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் பார்த்து, தனித்தனிக் கட்டணம் வாங்கி, கையில் பற்றுச்சீட்டுத் தருகிறார்கள். இது நடக்கவில்லை என்றால் நீங்கள் நிற்பது வில்பத்து இல்லை. 1938இல் தேசியப் பூங்காவான காடு, போர்க்காலத்தில் நீண்டநாள் மூடிக்கிடந்து 2010இல் மீண்டும் திறந்தது. நடுநடுவே வில்லுகள்: மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்கள், சுற்றிலும் வெண்மணல். மரை கண்டோம், முதலை கண்டோம், இருவாய்ச்சி இரண்டு தலைக்குமேல் போயின. சிறுத்தை வரவில்லை. ஆனால் எங்களுக்கு முன்னால் போன ஜீப்பின் சக்கரத் தடத்தின்மேல், அதை மிதித்துக்கொண்டு, ஒரு சிறுத்தையின் காலடித் தடம் இருந்தது. மருமகன் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். உத்தரவாதம் தந்தவனிடம் அவன் இப்படி ஒரு நிமிடம்கூட வாய்பிளந்து நிற்கவில்லை.

நேற்று அதே சிவிங்கிப்புலிப் படம் வேறு பெயரில், வேறு இலக்கத்தோடு மறுபடி வந்தது. இப்போது ‘ஆண்டு முழுவதும் பூநாரை’ என்று சேர்த்திருக்கிறார்கள். பூநாரை மன்னார், வங்காலைப் பக்கம் மாரியோடு வந்து கோடைக்குப் போய்விடும் பறவை. அம்மாவிடம் காட்டினேன். “கோடையில் கேட்டால் கொக்கின் காலுக்குச் சாயம் பூசுவான்” என்றார்.