ஒரே குளவிக்கூட்டுக்கு இரண்டு முறை ஆள் அழைத்தேன்

முதலில் வந்த இருவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் என் ஒன்பது வயது மகன் மூன்று இடத்தில் கொட்டு வாங்கினான். அடுத்து வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தவர் ஒரே ஆள். எதையும் தொடுவதற்கு முன் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கூடு ஒழிந்தது அவரால்தான். அவர் செய்த வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

மாடி அறைச் சன்னலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் இடத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு உண்டு. அங்கே குளவி குடியேறியதை நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. எனக்கு முதலில் கேட்டது சத்தம்தான். கொல்லைப்புறத்து மரக்கதவின் பூச்சு உதிர்ந்த பகுதியில் ஒரு குளவி உட்கார்ந்து, நகத்தால் அட்டையைச் சுரண்டுவது போலக் கர்கர் என்று சுரண்டிக்கொண்டிருந்தது. சுரண்டச் சுரண்டப் பின்வாங்கியது. அது பறந்துபோன பிறகு பார்த்தால், நரைத்த மரத்தின் மேல் நூல் அகலத்தில் ஒரு வெளிர் கோடு. ஒரு வாரத்தில் அந்தக் கதவு முழுக்க இப்படிக் கோடுகள். மரநாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, அந்தக் கூழைக் காகிதமாக இழுத்துத்தான் அவை கூடு கட்டுகின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இடுக்கில் அவை போய் வருவதைக் கண்ட அன்று ஒரு நிமிடம் நின்று எண்ணினேன். முப்பதைத் தாண்டியது.

மற்றவர்களுக்கு இது தொந்தரவு என்ற அளவில் நின்றிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவரை ஒரே ஒரு குளவி கொட்டியது. பத்து நிமிடத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அன்றிலிருந்து அந்த ஊசியைக் கையோடு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர் ஒத்தடம் கொடுத்தால் போதும். முகமோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், தலை சுற்றினாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆகவே அந்த இடுக்கைப் பார்த்த நாளிலிருந்து அவரை மாடிக்கே விடவில்லை.

முதல் நிறுவனத்தைப் பற்றி எழுதவே கோபம் வருகிறது. நல்ல வெயில் நேரத்தில் வந்தார்கள். பாதிக் குளவிகள் இரை தேடி வெளியே போயிருக்கும் நேரம் அது. ஏணி போட்டு ஏறி, ஒரு டப்பாவிலிருந்து மருந்தைப் பீய்ச்சி, உடனே விரியும் நுரையை அடித்து இடுக்கை அடைத்துவிட்டார்கள். "இனி ஒன்று வெளியே வராது" என்றார் ஒருவர். உண்மைதான், வெளியே வரவில்லை. உள்ளே வந்தன. வாசல் அடைபட்டால் குளவி வேறு வாசல் தேடும். கிடைக்காவிட்டால் கடித்து உண்டாக்கும். விளக்கைப் பொருத்தியிருந்த வளையத்தின் ஓரமாக அவை ஒவ்வொன்றாக அறைக்குள் இறங்கியிருக்கின்றன. பையன் காலையில் புத்தகம் எடுக்கப் போனான். கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று, கையில் ஒன்று. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும், அதோடு அதன் கதை முடியும். குளவியின் கொடுக்கு அப்படிச் சிக்குவதில்லை. ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். அவன் கதறிக்கொண்டு படியிறங்கி வந்ததை நான் மறக்கப்போவதில்லை. அவனுக்கு வீக்கத்தோடு நின்றது. அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "மருந்து வேலை செய்கிறது, அதனால்தான் கலைகின்றன" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவர்களோடு பேசவில்லை. அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு அடுத்த நிறுவனத்தை அழைத்தேன்.

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஆறுக்குத்தான் வந்தார். தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை தகவல் இல்லை, அது குறைதான். வந்தவுடன் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. என் தம்பி வயதுதான் இருக்கும். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா, பூனை உண்டா, மீன் தொட்டி உண்டா என்று கேட்டார். மீன் தொட்டி உண்டு என்றதும் காற்று ஊதும் மோட்டாரை நிறுத்தி, தொட்டியை மூடி, தூரத்து அறைக்கு மாற்றும் வரை அடுத்த பேச்சு இல்லை. அவர் பயன்படுத்தவிருந்த பெர்மெத்ரின் தூள் மீனுக்கு நஞ்சு, பூனைக்கும் ஆகாது என்றார். முதலில் வந்தவர்கள் இதையெல்லாம் கேட்கவே இல்லை.

பிறகு வெளியே போய் நின்றார். எந்தப் பக்கமிருந்து வருகின்றன, அடைத்த நுரையைச் சுற்றி எத்தனை மொய்க்கின்றன, இன்னொரு வழி இருக்கிறதா என்று பார்த்தார். முழுக்கவச உடையும் வலை முகமூடியும் போட்டுக்கொண்டு மாடி அறைக்குள் போனார். கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே நாடா சுற்றியிருந்தார். விளக்கு வளையத்தைச் சுற்றி நாடா ஒட்டிய பிறகு, கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்க்க, ஃபால்ஸ் சீலிங்கில் உள்ளங்கையை மெதுவாக வைத்து நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்ததாம். புழுக்களுக்காகக் குளவிகள் கூட்டைச் சூடாக வைத்திருக்கும். பக்கத்திலேயே ஒரு தட்டளவுக்கு ஈரம் பாய்ந்தது போன்ற கறை. அதன் மேல் விரல்நுனியைக்கூட அழுத்தவில்லை.

வெளியே வந்து சொன்னார்: "அக்கா, அந்தக் கறை இருக்கிற இடத்தில் பலகையே இல்லை. கடித்துத் தின்றுவிட்டன. நீங்கள் அடித்த பெயிண்ட் மட்டும்தான் திரை மாதிரி நிற்கிறது. யாராவது துடைப்பத்தால் இடித்திருந்தால் கூடே அறைக்குள் திறந்திருக்கும்."

கறை எப்படி வந்தது என்று பார்க்க, முந்தின நாள்தான் நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போகவிருந்தேன்.

நன்றாக இருட்டும் வரை காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் பெரும்பாலான குளவிகள் கூடு திரும்பியிருக்கும். சிவப்பு விளக்கை மாட்டிக்கொண்டு ஏறினார். சிவப்பு ஒளி குளவியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நுரையை அறுத்து எடுத்த அதே வேகத்தில் நீண்ட குழாயை நுழைத்துத் தூளை ஊதினார். கீழே, சாத்திய சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கே அந்த இரைச்சல் கேட்டது. கூட்டில் கல்லெறிந்தது போல என்று எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். அந்தச் சத்தத்தைக் கேட்டது அன்றுதான். ஐந்து நிமிடத்தில் அது குறைந்து முனகலாகிவிட்டது.

இறங்கி வந்ததும், இடுக்கை அடைக்கப் போவதில்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே தங்கிவிட்ட குளவிகள் திரும்பி வந்து தூளின் மேல் நடந்து உள்ளே போக வேண்டும், காலிலும் உடம்பிலும் ஒட்டியதைக் கூட்டுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும், அதற்குத்தான் வழி திறந்திருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். இரண்டு நாட்கள் நடமாட்டம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். செத்துக் கிடப்பதைக் கையால் எடுக்காதீர்கள், செத்த பிறகும் சிறிது நேரம் கொடுக்கு வேலை செய்யும் என்றும் எச்சரித்தார். சொன்னது அப்படியே நடந்தது. முதல் நாள் தள்ளாடிக்கொண்டு வந்தன, மறுநாள் நான்கைந்து, மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள், சொன்ன நேரத்துக்கே வந்து, பலகையைப் பெயர்த்துக் கூட்டை இறக்கினார். கால்பந்து அளவு இருந்தது. மேலுறை முழுக்க வரிவரியாகச் சாம்பலும் பழுப்பும் வெளிர்மஞ்சளும். ஒவ்வொரு வரியும் ஒரு குளவி ஒருமுறை கொண்டுவந்த கூழ்; எந்த மரத்தைச் சுரண்டியதோ அந்த நிறம். சாம்பல் வரி எங்கள் கொல்லைக் கதவாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே ஐந்து அடுக்கு, நடுநடுவே சிறு தூண்கள், கீழ்நோக்கித் திறந்த ஆறுமூலை அறைகள். சிலவற்றின் வாயை வெள்ளைப் பட்டு மூடியிருந்தது. பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கொட்டு வாங்கியவனுக்கு அது பிடித்துப்போனது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கூடு இருந்த இடத்தைச் சுத்தம் செய்த பிறகே இடுக்குக்கு நெருக்கமான கம்பிவலை அடித்தார்.

பின்பக்கச் சன்னல் மூலையில் இருந்த மண்கூட்டையும் எடுத்துவிடச் சொன்னேன். மறுத்துவிட்டார். அது தனியாக வாழும் மண்குளவி, கூட்டைக் காக்கக் கும்பலாக வந்து கொட்டும் வழக்கம் அதற்கு இல்லை என்றார். அருகிலிருந்த பழைய கூடு ஒன்றை உடைத்துக் காட்டினார். உள்ளே கால்களை மடக்கிய குட்டிச் சிலந்திகள் உலர்ந்து கிடந்தன. சிலந்தியைக் கொட்டி மயக்கி, அதன் மேல் முட்டையிட்டு மூடிவிடுமாம். பொரித்து வரும் குஞ்சுக்கு அதுதான் இரை. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்கிறோமே, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அந்த மண்துண்டைப் பார்த்ததும் புரிந்தது. கேட்ட வேலைக்கெல்லாம் தலையாட்டிக் கட்டணத்தைக் கூட்டாத அந்த நேர்மைக்காகவே இவர்களை மறுபடியும் அழைப்பேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாமதத்தை முன்பே எழுதினேன். சன்னல் விளிம்பில் சிந்திய தூளை அவர் துடைக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன். பெயர்த்த பலகையை மாற்றுவது அவர்கள் வேலை இல்லையாம். அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கட்டணமும் முதல் நிறுவனத்தைவிடக் கூடுதல்தான். ஆனால் அதில் இரண்டாம் வருகையும் கூடு அகற்றுவதும் வலை அடிப்பதும் அடக்கம்.

யாரை அழைத்தாலும் தொலைபேசியிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நேரத்தில் மருந்து வைப்பீர்கள், வைத்தவுடன் வழியை அடைப்பீர்களா? பகலில் வந்து உடனே அடைத்துவிடுவோம் என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மீன் தொட்டி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சீலிங் பலகை மாற்ற தச்சர் நாளை வருகிறார். கணவர் நேற்று முதல் மாடி அறையில்தான் படுக்கிறார்.