நுண்ணுயிர்ப் பெட்டிக்கு இரண்டு ஸ்டார், ஏரிச் சேற்றுக்கு ஐந்து

வாங்கியது: சுரங்கத்து அமிலத் தண்ணீரை நுண்ணுயிர் வைத்துச் சுத்தம் செய்து காட்டும் பள்ளிக்கூட அறிவியல் கிட். விலை 1,650 ரூபாய். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. அதே நீலப் பெட்டி ஆன்லைனில் நாலு பெயரில் கிடைக்கிறது, எது யாருடையது என்று எனக்கே பிடிபடவில்லை.

மகள் எட்டாம் வகுப்பு. ஸ்கூலில் அறிவியல் கண்காட்சி. தலைப்பை அவளே எடுத்தாள் என்று சொன்னால் அது பொய். நான் கோலார் தங்கவயல்காரி. அப்பாவுக்கு சாம்பியன் ரீஃப் என்ற தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மைன்ஸை மூடினார்கள். அதற்கப்புறம் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்குப் போய்வந்து, கடைசியில் அல்சூரிலேயே தங்கிவிட்டவர்களில் நானும் ஒருத்தி. சின்ன வயசில் மழை விட்டதும் சயனைடு மேட்டுக்கு (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மேடு) கீழே ஓடும் தண்ணீர் மஞ்சளும் செங்கலுமாகக் கலர் மாறியிருக்கும். அதில் காலை வைத்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார். ஏன் அந்தக் கலர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இப்போது ஒரு கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் 19 வருஷமாக உதவியாளர். இந்தப் பெட்டியைப் பார்த்ததும் கை தானாகவே 'வாங்கு' பட்டனை அமுக்கிவிட்டது.

பெட்டிக்குள் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, இடித்த பைரைட் ஒரு பொட்டலம், சுண்ணாம்புக்கல் சில்லு, பி.எச். தாள் (புளிப்பை அளக்கிற தாள்; 7-க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம்) இருபது, எனக்கே பத்தாத கையுறை ஒரு ஜோடி, பச்சைப் படிகம் கொஞ்சம், 10 கிராம் 'நுண்ணுயிர்ப் பொடி'. பச்சைப் படிகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அன்னபேதி, அதாவது இரும்பு சல்ஃபேட்! நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதேதான். பெட்டியில் அதற்கு 'ஸ்பெஷல் மினரல் சால்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். விளக்கத் தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும். பெங்களூரில் விற்கிற பொருளில் கன்னடம்கூட இல்லை, தமிழை எங்கே தேடுவது.

முதல் பாதியை நான் குறை சொல்ல மாட்டேன். பைரைட் தூளையும் அன்னபேதியையும் தண்ணீரில் போட்டோம், தாள் ஆரஞ்சு காட்டியது, பி.எச். 3. வெளிர்ப்பச்சையாக இருந்த தண்ணீர் மூன்றாம் நாள் டீ கலருக்கு வந்தது, பாட்டில் கழுத்தில் துரு வளையம் கட்டியது. எங்கள் மேட்டடி ஓடை அப்படியே பாட்டிலுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. விளக்கமும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும். மண்ணுக்கடியில் கிடக்கும்வரை சாது. வெட்டி, இடித்து, காற்றும் தண்ணீரும் பட வைத்தால் கந்தக அமிலமாகக் கசிய ஆரம்பிக்கும். அந்த வேலையை முடுக்கிவிடுவதும் ஒரு நுண்ணுயிர்தான். 1947-இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரில் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர் கண்டுபிடித்தது. இன்றைக்கு அதன் பெயர் அசிடித்தியோபாசிலஸ் ஃபெரோஆக்ஸிடன்ஸ். அமிலத்தில் தானாக ஆமை வேகத்தில் துருப்பிடிக்கும் இரும்பை அது பத்து லட்சம் மடங்கு வரை வேகப்படுத்தும். கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் பி.எச். மைனஸ் 3.6 அளந்திருக்கிறார்கள் என்ற வரியைப் படித்து மகள் "மைனஸ்ல வருமாம்மா? மிஸ் சைபர்லேருந்து பதினாலுதான்னு சொன்னாங்களே" என்றாள். வரும். மிஸ்ஸிடம் சண்டை மட்டும் போடாதே என்றேன்.

விளக்கத் தாளில் அமெரிக்கா, ஸ்பெயின் எல்லாம் இருக்கிறது, நம் ஊர் ஒரு வரி கிடையாது. மேகாலயாவின் ஜயின்டியா மலையில் எலிவளை மாதிரிக் குடைந்த நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழிந்த அமிலம் ஆறுகளைக் கெடுத்து, 2014-இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்கத்துக்கே தடை போட்டது. அதையாவது சேர்த்திருக்கலாம்.

கோளாறு இரண்டாம் பாதியில். சுண்ணாம்புக்கல்லைப் போட்டு, பொடியைத் தூவி, மூடியைத் திறந்தே வைத்தால் ஏழு நாளில் தண்ணீர் தெளியும் என்று தாள் சொல்கிறது. சுண்ணாம்புக்கல் முதல் நாள் குமிழி விட்டது, பி.எச். 5-க்கு ஏறியது. மூன்றாம் நாள் ஒரு சில்லை எடுத்து நகத்தால் சுரண்டினேன். மேலே துருத் தோல், உள்ளே வெள்ளைக் கல் அப்படியே இருக்கிறது. துரு மூடிய பிறகு கல்லுக்கு அமிலத்தோடு பேச்சுவார்த்தையே இல்லை. பொடியோ மேலே ஆடை மாதிரி மிதந்தது, மாவு புளித்த வாசம். எங்கேயோ முகர்ந்த வாசம் என்று யோசித்துப் பார்த்தால், எங்கள் அபார்ட்மென்ட் செப்டிக் டேங்கில் கொட்டுகிற பொடி! ஏழாம் நாளும் அதே 5, அதே டீ. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, "சார், பாட்டிலை நன்றாகக் குலுக்கி வெயிலில் வையுங்கள்" என்று பதில். சாரும் தப்பு, குலுக்குவதும் தப்பு. இந்த வேலைக்கு வேண்டிய நுண்ணுயிருக்குக் காற்று ஆகாது.

இரண்டாவது பாட்டிலை என் இஷ்டத்துக்குப் பண்ணினேன். அல்சூர் ஏரிக்கரைக் காவலாளியிடம் ஒரு டப்பா சேறு கேட்டேன். கிருஷ்ணகிரிக்காரர். "எல்லாரும் மீனு கேப்பாங்க, நீங்க இன்னாக்கா சேறு கேக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே கறுப்புச் சேறாகப் பார்த்து அள்ளிக் கொடுத்தார். அடியில் நாலு விரல்கடை சேறு. அதன்மேல் பால்காரர் வீட்டுச் சாணம், ஆசாரி கடை மரத்தூள், பொடித்த முட்டை ஓடு. பிறகு அந்த அமிலத் தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றி, மூடியை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி பால்கனியில் வைத்தேன். முட்டை ஓடு எதற்கு என்றால், ரொம்பப் புளிப்பில் இந்த நுண்ணுயிர்கள் தலை தூக்காது; முதலில் கொஞ்சம் தணித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு வாரம் ஒன்றும் காணோம். மகள் முகம் தொங்கிப்போனது. ஒன்பதாம் நாள் காலை சேற்றுக்கு மேலே மயிரிழை மாதிரி கறுப்பு. பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம், எதிர் வீட்டு அக்கா "என்ன செத்துப்போச்சு?" என்று எட்டிப் பார்த்தார். மூன்று வாரம் முடிந்தபோது அடிப்பாதி தார் மாதிரி கறுப்பு, மேலே தெளிந்த தண்ணீர், தாள் வெளிர்ப்பச்சை. பி.எச். ஆறரை என்று வைத்துக்கொள்ளலாம்.

நடந்தது இவ்வளவுதான். சேற்றில் இருக்கிற சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் நாம் ஆக்சிஜனை வைத்து மூச்சு விடுகிற மாதிரி சல்ஃபேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. சாணமும் மரத்தூளும் புளித்து அவற்றுக்குச் சாப்பாடு. மூச்சு விட்டதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது, அதுதான் நாற்றம். கூடவே பைகார்பனேட்டும் வந்து அமிலத்தைத் தணிக்கிறது. சல்ஃபைடு இரும்பைப் பிடித்துக் கறுப்பாக அடியில் உட்காரவைக்கிறது. செம்பும் துத்தநாகமும் இருந்தாலும் இதே கதிதான். சுரங்கப் பக்கம் எருவும் சுண்ணாம்புக்கல்லும் பரப்பி, சம்பு நட்ட குட்டைகளில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். எங்கள் பாட்டிலில் பாதி வேலை முட்டை ஓடுடையது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கறுப்பு மட்டும் முழுக்க முழுக்கச் சேற்றின் சம்பாத்தியம்.

தாளில் இல்லாத எச்சரிக்கை ஒன்று: அந்த வாயு விஷம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமலும் போகும். மூடிய அறையில் வைக்காதீர்கள், மூடியை இறுக்காதீர்கள், கிட்டே போய் முகராதீர்கள்.

அந்தக் கறுப்பில் காற்று பட்டால் என்ன ஆகும் என்றும் செய்து பார்த்தோம். கறுப்புச் சேற்றில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் பரப்பி மொட்டைமாடிச் சுவரில் வைத்தோம். மறுநாள் ஓரமெல்லாம் பழுப்பு, நாலாம் நாள் தட்டு முழுக்கத் துரு. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "தண்ணிக்கடியிலயே கெடக்கட்டும்மா, அத்த ஏன் வெளிய எடுக்கற? எங்கள மாதிரிதான் அதுவும்" என்று சொல்லிவிட்டு, தங்கவயலை விட்டு வந்தும் அந்தத் தண்ணியை விடமாட்டேன் என்கிறாயே என்று சிரித்தார்.

கண்காட்சியில் ஒரு நடுவர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மகளுக்கு ஆறுதல் பரிசு.

இரண்டு ஸ்டார் கொடுத்தது பைரைட் பொட்டலத்துக்கும் பி.எச். தாளுக்கும். பொடிக்குச் சைபர். அது பாதிக்குமேல் மிச்சம் இருந்ததால் பாத்ரூம் குழியில் கொட்டிவிட்டேன். இரண்டு நாளாகத் தண்ணீர் கொஞ்சம் வேகமாகத்தான் போகிறது.