ஷமரெலா, புவா ஷெரியா? கங்கா தலாவுக்கு ஏறும் இரண்டு சாலைகள்

மொரீஷியஸின் தெற்கிலோ மேற்கிலோ இருந்து ரோட் பைக்கில் மேட்டுக்கு ஏற நினைப்பவர் கடைசியில் இரண்டு சாலைகளில் ஒன்றில்தான் வந்து நிற்பார். ஒன்று, மேற்குக் கடற்கரையில் கேஸ் நுவாயாலில் பிரிந்து, ஷமரெல் ஏறி, ப்ளேன் ஷாம்பான் காட்டுக்குள் புகுந்து லெ பெத்ரீனில் முடிவது. மற்றது, தெற்கே ரிவியேர் தெ அங்கியில் பிரிந்து, கிரான் புவா, புவா ஷெரி தேயிலைச் சரிவுகள் வழியே கங்கா தலாவ் புனித ஏரிக்குப் போவது. லெ பெத்ரீனுக்கும் கங்கா தலாவுக்கும் நடுவே ஒரு சின்ன ஓட்டம்தான். ஆக, மேலே போய்ச் சேரும் இடம் ஒன்றே. எந்தப் பக்கமாகப் போவது என்பதுதான் கேள்வி.

வாரா வாரம் ஓட்டுவதற்கு என் ஓட்டு புவா ஷெரிக்கு. ஷமரெல் மாதம் ஒரு தடவை போதும், அதுவும் ஏறுவதற்கு மட்டும்.

அழகில் ஷமரெலை அடிக்க முடியாது. தீவில் பொதுச் சாலை இதைவிட உயரமாக வேறெங்கும் போவதில்லை. ப்ளேன் ஷாம்பானில் சுமார் 740 மீட்டரைத் தொடுகிறது. 1994-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கறுப்பாற்றுப் பள்ளத்தாக்கு ஒரு பக்கம், அலெக்சாண்ட்ரா அருவிப் பார்வைமேடை இன்னொரு பக்கம். புவா ஷெரியில் 1892 முதல் தேயிலை, அதற்குக் கீழே கரும்பு. வயலில் பொறுக்கிக் குவித்த கருங்கற்கள் நடு நடுவே கோபுரம்போல நிற்கும். காடு வேண்டும் என்பவருக்கு இது சப்பென்றுதான் தெரியும். பார்க்கப் போகிறவருக்கு இவ்வளவு போதும். வாராவாரம் ஓட்டுகிறவருக்குப் பிரச்சினை பிரேக்கில் இருக்கிறது.

ஆளும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 390 கிலோஜூல் ஆற்றலை எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டும். கொட்ட இருப்பது இரண்டே இடம்: எதிரே வரும் காற்று, அல்லது உங்கள் பிரேக். புவா ஷெரிச் சரிவு பெரும்பாலும் 3, 4 சதவீதம்தான், வளைவுகளும் அகலம். மணிக்கு 40 கிலோமீட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்தாலே காற்று பாதி வேலையை முடித்துவிடும். அதோடு இந்தத் தீவில் ஆண்டில் பெரும்பகுதி அடிப்பது தென்கிழக்குக் காற்று. புவா ஷெரி வழியாக இறங்கும்போது அது முகத்தில் அடித்து வேகத்தைப் பிடிக்கும். அதே சாலையில் ஏறும்போது முதுகைத் தள்ளும். ஏறவும் இறங்கவும் இப்படி ஒத்துழைக்கும் காற்றை வேறு எந்த ஏற்றத்திலும் பார்க்க முடியாது.

ஷமரெல் பக்கம் எல்லாமே தலைகீழ். ஷமரெல் ஊரிலிருந்து கேஸ் நுவாயாலுக்கு இறங்கும் கடைசி நாலைந்து கிலோமீட்டர் செங்குத்து. கொண்டைஊசி வளைவுகளில் சில இடம் 10 சதவீதத்தைத் தாண்டும். மலை தென்கிழக்குக் காற்றை மறைத்துவிடுவதால் எதிர்க்காற்றின் உதவி கிடையாது. வளைவுக்கு வளைவு வேகத்தைக் கொன்றாக வேண்டும், அவ்வளவு ஆற்றலும் பிரேக்கில்தான் இறங்கும்.

இதோடு ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவில் மழை என்றால், நடு மேட்டில் 4000 மில்லிமீட்டர் வரை போகும். கேஸ் நுவாயாலில் வெயில் கொளுத்தும் அதே நேரத்தில் ப்ளேன் ஷாம்பானில் தூறிக்கொண்டிருக்கும். மழை நின்ற பிறகும் மரநிழலில் சாலை காயாது. ஓரத்தில் பாசி, அதன்மேல் அழுகிய இலை, மழைநீர் இழுத்து வந்த கருங்கல் பொடி. எரிமலைக் கல் என்பதால் அந்தப் பொடி உப்புத்தாள் மாதிரி. டயர் அதை அள்ளி நேரே பிரேக்குக்குக் கொடுக்கிறது.

ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் வெளிவளையத்தையே (ரிம்மை) இருபுறமும் ரப்பர் கட்டையால் (பேடால்) அழுத்தும் பிரேக், வைத்திருப்பவர்கள் இதன் விலையை முதலில் கட்டுவார்கள். ஈர ரிம்மில் பிரேக் பிடித்தால் முதல் ஓரிரு சுற்று தண்ணீரை வழிப்பதிலேயே போய்விடும். பிடிப்பு அதற்குப் பிறகுதான். அதனால் வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துவிட்டு, நேர்க்கோட்டில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். இறங்கி முடித்ததும் சக்கரத்தைக் கழற்றி பேடைப் பாருங்கள். கறுப்பு ரப்பரில் வெள்ளி மினுக்காகத் தெரிவது ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியம். ஊசி முனையால் அதைத் தோண்டி எடுத்து, பேடின் முகத்தை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்க்க வேண்டும். அப்படியே விட்டால் அடுத்த இறக்கத்தில் அந்தத் துகளே ரிம்மைக் கோடு கோடாகக் கிழிக்கும். ரிம்மின் பக்கச்சுவரில் தேய்மானக் குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்றுங்கள், பேடை மாற்றித் தப்பிக்க முடியாது. ஸ்கேல் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் சுவர் உள்ளே குழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

சக்கர நடுவில் இருக்கும் உலோகத் தட்டை (ரோட்டரை) பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில் இந்தத் தலைவலி குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும். ஈரமும் கல்பொடியும் சேர்ந்தால் வேகமாகக் கரையும். காட்டுப் பாதையே கதி என்பவர், தன் ரோட்டர் ஏற்குமா என்று பார்த்துவிட்டு மெட்டல் பேடுக்கு மாறுவது நல்லது. கொஞ்சம் கத்தும், ஆனால் தாங்கும். பேடின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5-க்கு வந்தால் ஆயுள் முடிந்தது. பேடைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் ரோட்டரை அளப்பதே இல்லை. கார்பன் ரிம்மில் ரிம் பிரேக்கோடு மழையில் ஷமரெல் இறங்குவது பற்றி என் அனுபவம் குறைவு, அதனால் தீர்ப்புச் சொல்லவில்லை. வேண்டாம் என்பதே என் சாய்வு.

செயினுக்கும் இதே கதை. காட்டு வழி போய்வந்தால் அன்றே துடைத்து, காயவைத்து, ஈரத்துக்கான எண்ணெய் போட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் கண்ணிகளில் துரு பூத்துவிடும். செயின் எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்று காட்டும் தேய்மான அளவுகோல் 11, 12 ஸ்பீடில் (பின்னே அத்தனை பல்சக்கரம்) 0.5 காட்டினாலே மாற்றிவிடுங்கள். 10 ஸ்பீடோ அதற்குக் கீழோ என்றால் 0.75 வரை விடலாம். அதற்குமேல் இழுத்தால் பின்பல்சக்கர அடுக்கான கேசட்டும் சேர்ந்து போகும்.

புவா ஷெரி பக்கம் பூப்பாதை என்று சொல்ல வரவில்லை. ஜூன் கடைசியிலிருந்து டிசம்பர் வரை கரும்பு வெட்டு. லாரிகள் உதிர்த்த கரும்புத் துண்டு வளைவில் கிடக்கும், முன்சக்கரம் அதன்மேல் ஏறினால் உருட்டிவிடும். வயலிலிருந்து டிராக்டர் ஏறும் வாய்களில் செம்மண் சேறு. தூறல் விழுந்தால் சோப்புதான். இதைவிட மோசம் சாலையோரத்துக் கல் கால்வாய். பல இடங்களில் தாருக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட மண் இருக்காது. பின்னால் லாரி ஒலித்தால் ஒதுங்க இடமில்லை என்பதை முன்பே மனதில் வைத்து, ஓரத்தை ஒட்டாமல் ஒரு கை தள்ளி ஓட்டுங்கள். ஒட்டி ஓட்டினால், இடம் இருக்கிறது என்று நினைத்து உரசிக்கொண்டு முந்துவார்கள். வெட்டுக் காலத்தில் ஞாயிறு காலை பரவாயில்லை.

டயர் இரண்டுக்கும் 28 மில்லிமீட்டர். 70 கிலோ ஆள், டியூப் போட்ட டயர் என்றால் முன்னே 70 பிஎஸ்ஐ, பின்னே 75. மேலே மேகம் இறங்கியிருந்தால் இரண்டிலும் 5 குறைத்துக்கொள்ளலாம். கியர்தான் வேறுபடும். புவா ஷெரிக்கு 34-க்கு 28 (முன்னே 34 பல், பின்னே 28 பல்) போதும், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறலாம். ஷமரெலுக்கு 34-க்கு 32-ஆவது வேண்டும், பின்னேயும் 34 இருந்தால் முட்டி வாழ்த்தும். பே து காப் பக்கமிருந்து ஷமரெலுக்கு ஏறும் மூன்றாவது வழியும் உண்டு. அது இன்னும் செங்குத்து, வீம்புக்கு ஏறுவது.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றால் திசை முக்கியம். ரிவியேர் தெ அங்கியிலிருந்து சூயாக், பெல் ஓம்ப்ர், பே து காப், லெ மோர்ன் என்று கடலோரமாகப் போனால் காற்று பின்னால் இருக்கும். கேஸ் நுவாயாலில் வலப்புறம் திரும்பி ஷமரெல் ஏறுங்கள். காட்டைக் கடந்து லெ பெத்ரீன், கங்கா தலாவ், அங்கிருந்து புவா ஷெரி வழியாகக் கிளம்பிய இடத்துக்கே இறக்கம். செங்குத்துப் பகுதி ஏற்றமாகிவிடுவதால் பிரேக்குக்கு வேலையில்லை. கடற்கரைக்கும் மேட்டுக்கும் 5 டிகிரி வரை வெப்ப வித்தியாசம் இருக்கும், வியர்த்த உடம்போடு இறங்க மெல்லிய ஜாக்கெட் ஒன்று முதுகுப் பையில் கட்டாயம்.

நாள் பார்ப்பதும் உண்டு. மகா சிவராத்திரிக்கு முந்தைய சில நாட்கள் கங்கா தலாவுக்குப் போகும் எல்லாச் சாலையும் நடைபயணிகளுடையது, காவடி மாதிரியே பெரிய கன்வர்களைச் சுமந்து வருவார்கள். அந்த வாரம் பைக்கோடு அங்கே போகாதீர்கள். சீனக் கொய்யா பழுக்கும் மாதங்களில் ப்ளேன் ஷாம்பான் ஓரமெல்லாம் கார்கள் நிற்கும். பறிக்க வந்தவர்கள் பார்க்காமல் கதவைத் திறப்பார்கள், நசுங்கிய பழம் தாரில் வழுக்கும். குரங்குகளும் அதே பழத்துக்குத்தான் சாலையைக் கடக்கின்றன. ஒன்று கடந்துவிட்டது என்று வேகம் எடுக்காதீர்கள், பின்னால் குட்டிகள் வரும்.