4 ஹெச்.பி. என்று விற்ற டிரெட்மில்லுக்குள் இருந்த மோட்டார்

இருபது, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் மடக்கி வைக்கிற டிரெட்மில் ஒன்றை ஆன்லைனில் வாங்கலாம் என்று இருப்பவர்கள், ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி, பெட்டி இன்னும் பிரிக்காமல் ஹாலில் கிடக்கிறது என்றால் கட்டாயம் படியுங்கள். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரே மாதிரி மெஷினை இங்கே நாலைந்து பேர் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

அப்பாவுக்காக வாங்கியது. சர்க்கரை இருக்கிறது, தினமும் அரை மணி நேரமாவது நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் விடியற்காலையில் நாய்கள் கூட்டமாக நிற்கும். போதாததற்குப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்ட ரோடு. அறுபத்தேழு வயதில் அவரை அந்த இருட்டில் அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. வீடு சின்னது என்பதால், மடக்கி பீரோவுக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடியதாகத் தேடினோம்.

விளம்பரத்தில் எல்லாம் இருந்தது. கொட்டை எழுத்தில் "4 ஹெச்.பி. பீக் மோட்டார்". 110 கிலோ வரை உள்ளவர்கள் நடக்கலாம், ஓடலாம். மடக்கிய பலகையை இறக்கினால் தானே மெதுவாக இறங்கும் ஹைட்ராலிக் வசதி. இலவச இன்ஸ்டாலேஷன். மோட்டாருக்கு 3 வருட வாரண்டி. அப்பாவின் எடை 86 கிலோ, ஆகவே 110 என்றால் தாராளம். விலை 24,000 சொச்சம். சலுகை முடிய இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் பார்த்தால் அதே கடிகாரம், அதே இரண்டு மணி நேரம். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதைத் தடை செய்து மத்திய அரசு 2023லேயே விதிமுறை கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

டெலிவரி வண்டிக்காரர்கள் பெட்டியை கேட்டுக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், மாடிக்கு ஏற்றுவது அவர்கள் வேலை இல்லையாம். இலவச இன்ஸ்டாலேஷன் என்பது வீடியோ காலில் ஒருவர் "இந்த போல்ட்டை அங்க போடுங்க சார்" என்று சொல்வதுதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதெல்லாம் போகட்டும். பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் வாரண்டி இன்னொரு வருடம் நீளும் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். அந்த மெஷினுக்கு எப்படி அத்தனை ஐந்து நட்சத்திரங்கள் வந்தன என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "பேக்கிங் சூப்பர், டெலிவரி ஃபாஸ்ட்" என்கிற விமர்சனங்களை எண்ணிக்கையிலேயே சேர்க்காதீர்கள். ஆறு மாதம் ஓட்டியவர் எழுதியது ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்பா ஏறினார். வேகம் மூன்றில் வைத்தோம். இடது காலை ஊன்றினார், பெல்ட் சட்டென்று தயங்கியது. காலை எடுத்ததும் விட்ட வேகத்தைப் பிடிக்க முன்னால் இழுத்தது. வலது காலுக்கும் அதே கதை. ஒவ்வொரு அடிக்கும் நிற்பதும் இழுப்பதுமாக, அவர் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, நடக்கிற மாதிரியே இல்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்குள் மோட்டார் மூடியிருக்கும் முன்பக்கத்திலிருந்து சூடான பிளாஸ்டிக் வாடை. சிவப்புச் சாவியை இழுத்து நிறுத்தினேன். நான் ஏறி நடந்தால் இந்த அளவுக்கு இல்லை. என் எடை 61 கிலோ.

மறுநாளே புகார் கொடுத்தோம். இனிமேல்தான் முக்கியமான விஷயம். அந்தப் பொருளை மாற்றிக்கொள்ள 10 நாள் அவகாசம் என்று தளத்தில் போட்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று கேட்டால், "முதல்ல டெக்னீஷியன் வந்து பாக்கணும் சார், 24 மணி நேரத்துல கால் பண்ணுவாரு" என்றார்கள். கால் வரவில்லை. மறுபடி கேட்டால் வேறொரு புகார் எண். அப்புறம் ஒரு குறுஞ்செய்தி: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் வருகை தள்ளிவைக்கப்பட்டது." அம்மாவும் அப்பாவும் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார்கள். அடுத்து இன்னொரு செய்தி: "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." யாருமே வராமல் என்ன தீர்த்தார்கள்? இப்படி இழுத்து இழுத்து அந்த 10 நாளும் கரைந்த பிறகு டெக்னீஷியன் வந்தார். போனிலும் பேச்சு மாறிவிட்டது: "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சு சார், இனி வாரண்டியிலதான் பாக்க முடியும்." தாமதம் தற்செயலாக நடந்தது என்று நான் நம்பவில்லை. அவகாசம் முடியும் வரை ஆளை அனுப்பாமல் இருப்பதுதான் அவர்கள் வழக்கம் என்று வந்த டெக்னீஷியனே சொன்னார்.

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். "நான் கம்பெனி ஆள் இல்ல சார். நாலஞ்சு கம்பெனிக்குப் பாக்குறேன், ஒரு விசிட்டுக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்க" என்றார். முன்பக்க மூடியின் ஸ்குருக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினார். மோட்டார் மேல் வெள்ளை லேபிள். 180 வோல்ட் டி.சி., 735 வாட். 735 வாட் என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு ஹெச்.பி. நாலு எங்கே, ஒன்று எங்கே. "ஐயா வெயிட்டுக்கு இது தாங்காது சார். அறுபது, அறுபத்தஞ்சு கிலோன்னா சமாளிக்கும்" என்று அப்பாவைப் பார்த்தபடி சொன்னார். பெல்ட்டுக்கு அடியில் சிலிகான் ஆயில் விட்டு, பின் உருளையின் போல்ட்டைக் கால் திருகு இறுக்கிப் பார்த்தார். தயக்கம் போகவில்லை. பிறகு போனில் ஏதோ டைப் செய்துவிட்டு, "ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றார்.

இந்த ஓ.டி.பி. விஷயத்தில் கவனமாக இருங்கள். அதைச் சொன்ன நிமிடமே, வேலை திருப்தியாக முடிந்தது என்று உங்கள் சம்மதத்தோடு பதிவாகிவிடும். அவர் எழுதியிருந்ததைக் காட்டச் சொன்னேன். "லூப்ரிகேஷன் செய்யப்பட்டது, மெஷின் இயங்குகிறது" என்று இருந்தது. ஓ.டி.பி. தராவிட்டால் அந்தப் பையனுக்குக் கூலி கிடைக்காது. அதனால், மோட்டார் லேபிளில் 735 வாட் என்பதையும் 86 கிலோ எடையில் பெல்ட் நின்று இழுக்கிறது என்பதையும் குறிப்பில் சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகு சொன்னேன். இன்று எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அந்தக் குறிப்புதான்.

இந்த ஹெச்.பி. கணக்கைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பீக் என்பது மோட்டார் ஒரு கணம் எட்டித் தொடும் உச்சம். அதிலேயே அரை மணி நேரம் ஓட அதனால் முடியாது. நாம் பார்க்க வேண்டியது தொடர்ந்து ஓடும்போது கிடைக்கும் திறன், கன்டினியூவஸ் ஹெச்.பி. என்று போட்டிருப்பார்கள். நடக்க மட்டும் என்றால் அது ஒன்றரையிலிருந்து இரண்டு வரை இருக்கட்டும், ஓடுபவர்களுக்கு இரண்டரைக்குக் குறையாமல் வேண்டும். அந்த எண்ணையே போடாமல் பீக்கை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் வாங்காதீர்கள். பிளக்கைப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும். ஒரு ஹெச்.பி. 746 வாட், ஆகவே நாலு என்றால் ஏறக்குறைய 3,000 வாட். ஃபேனுக்கும் டி.வி.க்கும் போடுகிற சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1,380 வாட்தான் தொடர்ந்து எடுக்கலாம். அது இரண்டு ஹெச்.பி.கூட ஆகாது. எங்களுக்கு வந்த மெஷினில் இருந்தது அந்த 6 ஆம்பியர் பிளக்தான்.

இன்னொன்று. வயதானவர்கள் மெதுவாகத்தானே நடக்கப் போகிறார்கள், சின்ன மோட்டார் போதும் என்று கடைக்காரர்களே சொல்வார்கள். அது தவறு. எடை கூடிய ஒருவர் குறைந்த வேகத்தில் நடக்கும்போதுதான் மோட்டார் அதிகம் திணறும். அதைக் குளிர்விக்கும் விசிறி மோட்டாரின் தண்டிலேயே மாட்டியிருப்பதால், மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறைவு, சூடு ஏறும்.

வாரண்டி என்று போனதும் அடுத்த கதவையும் அடைத்தார்கள். 3 வருடம் என்பது மோட்டாருக்கு மட்டும். கன்ட்ரோல் போர்டுக்கு ஒரு வருடம், பெல்ட் தேய்மானக் கணக்கில் போய்விடும், ஆள் வந்து போகத் தனிக் கட்டணம். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டினால் வாரண்டியே செல்லாது என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. விற்கும் பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. மோட்டார் கெட்டுப்போகவில்லை, ஓடத்தான் செய்கிறது, ஆகவே மாற்ற முடியாது என்றும் வாதாடினார்கள். எங்கள் புகாரே மோட்டார் கெட்டுவிட்டது என்பதில்லை, சொன்ன மோட்டார் வரவில்லை என்பதுதான்.

இதற்கிடையில் ஒருநாள் அம்மா பெருக்குவதற்காகப் பலகையை மடக்கி நிறுத்திவிட்டு, திரும்ப இறக்கப் போயிருக்கிறார். கொண்டியை விடுவித்ததும், மெதுவாக இறங்க வேண்டிய பலகை அப்படியே தடார் என்று விழுந்தது. தரையில் ஒரு டைல் விரிசல் விட்டுவிட்டது. அம்மாவின் கால் ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பினார். அடியில் இருந்த சிலிண்டரைக் கையால் அழுத்திப் பார்த்தேன், எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. பக்கத்து வீட்டுக் குழந்தை வந்தால் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து விளையாடும். அன்றைக்குத்தான் இதை விடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் பதிவானதும், அதுவரை கிடைக்காத கம்பெனி மேலாளர் தானே கூப்பிட்டார். போர்டை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார். பிறகு அடுத்த பொருளுக்குத் தள்ளுபடிக் கூப்பன் என்றார். இரண்டையும் மறுத்துவிட்டு, அரசின் இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். கம்பெனி வேறு மாநிலத்தில் இருந்தாலும், 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. அவர்களுக்குள் சொல்லிக்கொள்ளும் "ரிட்டர்ன் டைம் முடிந்தது" என்ற பேச்சுக்குப் பயப்படாதீர்கள். 2020ஆம் வருட மின்வணிக விதிகளில் தெளிவாக இருக்கிறது: பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லாவிட்டாலோ, விற்றவர் அதைத் திரும்ப எடுக்கவும் பணத்தைக் கொடுக்கவும் மறுக்கக்கூடாது. அதே விதிகள்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசுவதை விட்டுவிட்டு அவருக்கு மெயில் அனுப்புங்கள். போன் பேச்சுக்கு ஆதாரம் இருக்காது.

எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்துவிட்டது. பீக் என்று நாங்கள் தெளிவாகத்தானே போட்டிருக்கிறோம் என்கிறார்கள். சரி, 110 கிலோ என்று போட்டதற்கு என்ன பதில்? அதற்கு ஒரு வரிகூட இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மெஷின் ஆதாரம் என்பதால் பழைய இரும்புக்குப் போடவும் முடியாமல் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்பா இப்போது மாலை நேரத்தில் கோயில் பிராகாரத்தில் நடக்கிறார்.

உங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தால் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எங்கள் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் 110 என்பது 90 ஆகிவிட்டது. வீட்டிலேயே எடை அதிகமானவரை முதல் நாளே ஏற்றி, மூன்று வேகத்தில் கால் மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். பெல்ட் தயங்கினால் ஆயில் விட்டு ஒருமுறை பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் டெக்னீஷியனுக்குக் காத்திருக்காமல், பொருளைத் திரும்ப எடுக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம். ஏற்கெனவே வாங்கி அவகாசம் தாண்டியவர்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு முன்மூடியைத் திறந்து மோட்டார் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். வழக்குப் போட 2 வருடம் வரை நேரம் இருக்கிறது.